நதியின் இரு கரைகளில்: சஸ்கட்டூன் நகரம்

கனடாவின் மேற்கு மலைகளையும் கிழக்குப் பெருநகரங்களையும் காணப் புறப்படும் தம்பதிகளில் பெரும்பாலோர், அவ்விரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் பிரெய்ரிச் சமவெளியை விமானத்தின் ஜன்னல் வழியாகவே பார்த்து, கோதுமையும் ஆகாயமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லையென்று தீர்மானித்துவிடுகிறார்கள். அந்தச் சமவெளியின் வடபாகத்தில், ராக்கி மலையின் பனியுருகி வரும் தென் சஸ்காச்சுவான் நதி அகன்று வளைந்து செல்லும் இடத்தில், இரு கரைகளிலும் மரமடர்ந்த சரிவுகளோடு அமைந்திருக்கும் சஸ்கட்டூன் நகரம், இருவராய்ப் பிரயாணம் செய்பவர்களுக்கு அந்தத் தேசத்திலேயே மிகப் பொருத்தமான ஊர்களுள் ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரே பகலில் தீர்ந்துபோகும். நதியை நம்பி, பாலத்துக்குப் பாலம் நடந்து, பேசியும் பேசாமலும் கரையோரத்தில் காலம் கழிக்க மனமுள்ளவர்களுக்கோ மூன்று இரவுகளும் போதா. ஆயினும் மூன்று இரவுகளேனும் ஒதுக்கிக்கொண்டு வருமாறு வற்புறுத்திச் சொல்லுகிறேன்.

முதலில், எப்பொழுது வருவது என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இந்நகரம் வட அட்சம் 52 பாகையில் இருப்பதால், ஜூன் மாதப் பிற்பகுதியில் சூரியன் காலை ஐந்து மணிக்கு முன்பே உதித்து இரவு ஒன்பதரை மணிவாக்கில்தான் மறைகிறான். டிசம்பரிலோ காலை ஒன்பது மணிக்குப் பிறகு எழுந்து மாலை ஐந்து மணிக்குள் விடைபெற்றுக்கொள்கிறான். சஸ்காச்சுவான் மாகாணத்தின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் வழக்கம் இல்லையாகையால், இந்தியாவுக்கும் இவ்வூருக்கும் உள்ள வித்தியாசம் வருஷம் முழுவதும் பதினொன்றரை மணி நேரமே. ஊரிலுள்ள பெற்றோருடனோ குழந்தைகளுடனோ தொலைபேசியில் பேச நினைப்பவர்கள் இதை ஒருமுறை நினைவில் இருத்திக்கொண்டால் போதும். ஜூன், ஜூலை மாதங்களில் மாலையொளி நீண்டு நிற்பது பெரும் பாக்கியமென்றாலும், அப்பொழுது கொசுத் தொல்லை உண்டு. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் உயர்ந்த புல்லில் நடந்தவர்கள் இரவில் ஒருவரையொருவர் உண்ணிக்குச் சோதித்துக்கொள்வது நல்லது. அண்மை ஆண்டுகளின் கோடைகளில் வடக்குக் காடுகளில் பற்றும் தீயின் புகை சில நாட்கள் ஊர்மேல் வந்து கவிவதும் உண்டு. இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களே எனக்கு உசிதமாகத் தோன்றுகின்றன: கரையோர மரங்கள் பொன்னிறம் பூணும், கொசுக்கள் குறையும், சுற்றிலும் அறுவடை நடந்துகொண்டிருக்கும், காற்றில் குளிர் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

குளிர்காலத்தில் வரத் துணிபவர்களுக்கு ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். ஜனவரியில் மைனஸ் 30 பாகைக்கும் கீழே குளிர் இறங்குவது இங்கே அதிசயமன்று. அத்தகைய நாளில் காற்றும் வீசுமாயின், மூடாத சருமம் சில நிமிஷங்களிலேயே உறைந்து புண்படக்கூடும். மோட்டார் வண்டிகளுக்குக்கூட இரவில் மின்சாரக் கம்பி இணைத்து எஞ்சினைச் சூடாக வைத்திருப்பது இவ்வூர் வழக்கம். வாடகை வண்டி எடுப்பவர்கள் அதன் முன்புறம் தொங்கும் செருகியைக் கண்டு திகைக்காமல், விடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் அதற்கென்று மின் இணைப்பு உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குளிருக்கு ஏற்ற உடையணிந்து வந்தவர்களுக்கு அந்தக் காலமும் தனி அழகுடையதுதான்: நதிக்கரையில் பெஸ்பரோ விடுதியின் நிழலில் அமைக்கப்படும் பனிச்சறுக்குத் தளத்தில், கட்டணமின்றி, கைகோத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சுற்றும் தம்பதிகளுக்கு வயது வித்தியாசமே கிடையாது.

எங்கே தங்குவது என்பதில் நான் தயங்காமல் ஒரே விதியைச் சொல்லுவேன்: நதிக்கு நடந்து செல்லும் தூரத்தில் தங்குங்கள். விமான நிலையத்தின் அருகிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் மலிவான விடுதிகள் உண்டு. ஆனால் அங்கே தங்கினால், காலையில் எழுந்தவுடன் கரைக்கு இறங்கும் சுகத்தை இழந்து, ஒவ்வொன்றுக்கும் வண்டியேறும் நிர்ப்பந்தம் வந்துவிடும். மேற்குக் கரையில், நகரின் மையத்தில், கோட்டை போன்ற கோபுரங்களுடன் நிற்கும் பெஸ்பரோவைக் கனடிய தேசிய ரயில்வே கட்டியது. 1932-இல் கட்டடம் முடிந்தும், அக்காலத்துப் பொருளாதார மந்தத்தினால் 1935 டிசம்பரில்தான் அதன் கதவுகள் திறந்தன. அங்கே அறையெடுப்பவர்கள் சற்று அதிகம் கொடுத்தேனும் நதியை நோக்கிய அறையைக் கேட்டுப் பெற வேண்டும். அவ்வளவு செலவிட இயலாதவர்கள் கிழக்குக் கரையின் நியூட்டானா பகுதியில் சிறிய விடுதியோ வீட்டறையோ தேடலாம். பிராட்வே வீதியின் காப்பிக்கடைகளும் புத்தகக் கடைகளும், 1946 முதல் நிற்கும் பிராட்வே திரையரங்கும் அருகிலேயே இருப்பதால், மாலைப் பொழுதைப் பற்றிக் கவலையில்லை. எந்தக் கட்டணத்தைக் கணக்கிடும்போதும், மத்திய வரி ஐந்து சதவிகிதமும் மாகாண வரி ஆறு சதவிகிதமும் பெரும்பாலும் மேலே சேரும் என்பதையும், உணவகத்தில் பரிமாறுபவருக்குப் பதினைந்து சதவிகிதத்துக்குக் குறையாமல் கொடுப்பது வழக்கமென்பதையும் மறக்கலாகாது.

இனி நதிக்கு வருவோம். எத்தனையோ நகரங்களில் ஆற்றங்கரை என்பது தொழிற்சாலைகளுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் போக எஞ்சியதாய், அன்னியர் இறங்கி நடக்க இடமற்றதாய்ப் போய்விட, இங்கே மட்டும் ஊருக்குள் எந்தத் தெருவிலிருந்து இறங்கினாலும் கரைப்பாதையை அடைய முடிகிறதே, அதற்குக் காரணம் தற்செயலன்று. 1978-இல் ரேமண்ட் மோரியாமா என்ற கட்டடக் கலைஞர் இந்தப் பள்ளத்தாக்குக்காக நூறு வருஷத் திட்டமொன்றை வகுத்துக் கொடுத்தார். அதனை நிறைவேற்றுவதற்கென்று மாகாண அரசும் நகரசபையும் பல்கலைக்கழகமும் ஒன்றுசேர்ந்து, 1979-இல் மீவாசின் பள்ளத்தாக்கு ஆணையத்தை அமைத்தன. கரையைப் பொதுச்சொத்தாகக் காப்பதும், புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதும், நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்பவர்க்கும் பாதையமைப்பதும் அதன் பணிகள். இன்று அந்தப் பாதை 90 கிலோமீட்டருக்கும் அதிகமாக இரு கரைகளிலும் கிளைத்துச் செல்கிறது. முன்பின் அறியாத வழிப்போக்கர் இருவர் எவரிடமும் அனுமதி கேளாமல், காசு கொடாமல், ஒரு நகரத்தின் மிக அழகான நிலத்தில் நாள் முழுவதும் நடக்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை நாகரிகத்தின் உயர்ந்த அடையாளங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

நடையின் நீளத்தைப் பாலங்களால் அளந்துகொள்ளலாம். இருவரில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தாலும், முதல் நாள் பிரயாணக் களைப்பு தீராதிருந்தாலும், விக்டோரியா பாலம் என்று முன்பு வழங்கிய டிராபிக் பாலத்தில் அக்கரை சென்று, பிராட்வே பாலத்தில் இக்கரை திரும்பும் சிறு சுற்றே போதும். 1907-இல் கட்டப்பெற்ற பழைய டிராபிக் பாலத்தின் தூணில், மறு வருஷம் ஜூன் மாதத்தில், 'சிட்டி ஆப் மெடிசின் ஹாட்' என்ற நீராவிக் கப்பல் வெள்ளத்தின் வேகத்தால் மோதிக் கவிழ்ந்தது; உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பாலம் தளர்ந்துபோய் 2010-இல் மூடப்பட்டு, அதே இடத்தில் அதே தோரணையில் கட்டிய புதிய பாலம் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. பிராட்வே பாலத்தின் சரித்திரம் இன்னும் மனத்தைத் தொடுவது. 1930-களின் பஞ்சகாலத்தில், வேலையற்றுக் கையேந்தி நின்ற ஊராருக்குக் கூலி கிடைக்க வேண்டுமென்றே அந்தப் பணியைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைத் தலைவர் சி. ஜே. மெக்கன்சி வரைபடம் வகுக்க, ஓராண்டுக் காலத்துக்குள் கைவேலையாகவே எழுந்து, 1932-இல் போக்குவரத்துக்குத் திறந்தது. மேற்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கி ஏறிச் செல்லும் அதன் வளைவுகளைக் கீழேயிருந்து பார்த்துவிட்டுப் பிறகு மேலே ஏறினால், அந்தக் கூலியாட்களின் உழைப்பை நன்கு உணரலாம்.

சற்று நீண்ட சுற்று, பல்கலைக்கழகப் பாலம் வரையில் செல்வது. அதனினும் நீண்டது, 1908-இல் கட்டிய கனடியன் பசிபிக் ரயில் பாலம் வரையில் செல்வது. அந்த ரயில் பாலத்தின் ஓரமாக நடப்பவர்களுக்கு ஒரு பாதையுண்டு, சரக்கு ரயில் பக்கத்தில் செல்லும்போது பலகைகள் அதிரும். பாலத்தையடுத்து ஆற்றின் குறுக்கே தாழ்ந்த அணையொன்று இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் பனி உடைந்து நீர் ஓடத் தொடங்கியதும், மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்திலிருந்து வெண்ணிறக் கூழைக்கடாக்கள் அங்கே வந்து சேருகின்றன. முதற் பறவை எந்த நாளில் இறங்கும் என்று ஊகித்துச் சொல்லும் போட்டியொன்று ஊரில் நடப்பதும் வழக்கம். சிறகை விரித்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலமுள்ள இந்தப் பறவைகள், அணையின் நுரையில் திகைத்துச் சுழலும் மீன்களைத் தலையைத் தாழ்த்தி அள்ளிக்கொள்ளும் காட்சியைப் பார்த்து நிற்பவர்களுக்கு நேரம் போவதே தெரியாது. பறவை பார்ப்பதில் ஒருவருக்கு ஆசையும் மற்றவருக்குச் சலிப்பும் இருக்குமானால், இங்கே ஓர் ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம்: ஆசையுள்ளவர் அணைக்குப் போகட்டும், மற்றவர் ரிமாய் மாடர்ன் சித்திரசாலைக்குப் போகட்டும். 2017 அக்டோபரில் நதியோரத்தில் திறந்த அந்த மண்டபத்தில், பிக்காஸோ லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சித்திரங்கள் நானூறுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இத்துறையில் இவ்வளவு பெரிய தொகுதி இல்லை. பகல் முழுவதும் ஒருவரை ஒருவர் பிரியாமல் திரிவதே தாம்பத்தியமென்று எண்ணிக் களைத்துப்போகும் தம்பதிகளைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் தனித்தனியே சென்று, மீண்டும் பாலத்தடியில் சந்தித்தால், இரவுச் சாப்பாட்டின்போது பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

கரைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? மேற்குக் கரை பூங்காக்களும் நல்ல தளமிட்ட பாதையும் உடையது. கிழக்குக் கரையில் மரமும் புதரும் அடர்ந்து மண்பாதைகள் சரிந்து செல்லும். காலையில் கீழ்வானத்து ஒளி பெஸ்பரோவின் முகத்தில் விழுவதும், மாலையில் நகரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதும் ஆகிய இரண்டும் கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆகையால் புகைப்படத்தில் விருப்பமுள்ளவர்கள் இருவேளையும் அக்கரையில் இருக்க வேண்டும். எந்தக் கரையானாலும் ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசையை அடக்கிக்கொள்க. தெளிந்து மெதுவாய் ஓடுவதுபோல் தோன்றும் இந்தப் பிரவாகத்தில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முழங்கால் ஆழமென்று நினைத்து வைத்த அடுத்த அடியில் நிலம் இராது. மேலே, 1967-இல் கட்டி முடித்த கார்டினர் அணையிலிருந்து விடும் நீருக்கேற்ப மட்டமும் ஏறியிறங்கும்.

பல்கலைக்கழகத்தைத் தவறவிடக்கூடாது. 1907-இல் நிறுவப்பெற்று, கிழக்குக் கரையின் உயரத்தில் சாம்பல்நிறக் கல்லால் எழுந்த அந்தக் கட்டடங்கள், இந்தச் சமவெளியில் குடியேறிய உழவர்கள் முதல் அறுவடைகளின் காலத்திலேயே கல்விக்கு எவ்வளவு பெரிய இடம் கொடுத்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. நதியை நோக்கிய ஒரு மூலையில், 1957 முதல் 1963 வரையில் கனடாவின் பிரதம மந்திரியாயிருந்த ஜான் டீபன்பேக்கரும் அவருடைய மனைவி ஆலிவும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மவர் அறிய வேண்டிய வேறொரு செய்தியும் இந்தக் கலாசாலைக்கு உண்டு. இங்குள்ள பயிர் அபிவிருத்தி மையம் 1971-இல் தோன்றியது. அங்கே பணியாற்றிய ஆல் ஸ்லிங்கார்டு என்ற விஞ்ஞானி உருவாக்கிய 'லேர்ட்' என்ற பருப்பு ரகம் 1978-இல் வெளிவந்தபின், கோதுமையையே நம்பியிருந்த இம்மாகாணம் பருப்பு விளைவிக்கும் பூமியாயிற்று. தமிழ்நாட்டு மளிகைக் கடையில் நாம் வாங்கும் மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு இந்த வயல்களிலிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கக்கூடும். ஆகஸ்டு மாதத்தில் ஊருக்கு வெளியே வண்டியோட்டிச் செல்பவர்கள் கோதுமைக்கு நடுவே குட்டையாய்ப் பழுத்து நிற்கும் பருப்புச் செடிகளைக் கண்டு மகிழலாம்.

உணவு விஷயத்தில் சைவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உக்ரேனிலிருந்து வந்து குடியேறியவர்கள் இப்பிரதேசத்தில் மிகுதியாகையால், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்து, நமது கொழுக்கட்டையைப்போல் மூடி வேகவைக்கும் பெரோகி எங்கும் கிடைக்கும். மேலே பன்றிக்கொழுப்புத் தூவும் பழக்கம் உண்டாகையால், வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுக. ஊருக்கே பெயர் தந்த நீலக்கருமையான சஸ்கட்டூன் கனியைக் கொண்டு செய்த பை என்னும் பணியாரத்தை உண்ணாமல் திரும்புவது குறை. ஜூலையில் வந்தால் தோட்டங்களில் நாமே பறித்துக்கொள்ளவும் இடமுண்டு.

இரண்டாம் நாளை முழுவதுமாக வனுஸ்கேவினுக்கு ஒதுக்குங்கள். நகரத்துக்குச் சற்று வடக்கே, ஓபிமிஹா ஓடை நதியில் கலக்கும் பள்ளத்தாக்கில் அமைந்த அந்தப் பூங்கா, ஆறாயிரம் வருஷங்களுக்கு மேலாக வடபுல்வெளியின் ஆதிக்குடிகள் கூடியும் வேட்டையாடியும் குளிர்காலத்தைக் கழித்தும் வந்த ஸ்தலம். இந்நகரத்தையே 1882-இல் இடம் பார்த்து நிச்சயித்த மதுவிலக்குச் சங்கத்தின் ஜான் லேக், டகோட்டாத் தலைவர் வைட்கேப்பின் ஆலோசனையைக் கேட்டே செய்தார் என்பதையும், இந்த நிலம் முழுவதும் ஆதிக்குடிகளோடு செய்துகொண்ட 1876-ஆம் ஆண்டின் ஆறாம் உடன்படிக்கைக்கு உட்பட்டதென்பதையும் மனத்தில் கொண்டு அங்கே செல்வது தகும். கற்களை வட்டமாக அடுக்கிய புனிதச் சக்கரமொன்று குன்றின்மேல் இருக்கிறது. அதனருகே குரலைத் தாழ்த்திக்கொள்வதும், கல்லைத் தொடாதிருப்பதும் விருந்தினர் கடமை. காட்டெருமைகள் நூறாண்டுகளுக்கும் மேலாக அற்றுப்போயிருந்த அந்த நிலத்துக்கு 2019 டிசம்பரில் ஒரு சிறு மந்தையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறு வருஷம், அவை புழுதியில் புரண்டு புல்லை அகற்றிய இடத்தில் ஒரு பாறை தலைகாட்ட, தொல்பொருள் அறிஞர் எர்னி வாக்கர் அதில் மனிதக் கை செதுக்கிய கோடுகளைக் கண்டார். மேலும் மூன்று செதுக்குப் பாறைகளும், செதுக்கிய கல்லுளியும் அங்கேயே அகப்பட்டன. அத்தனை காலமாக ஆராய்ச்சியாளர் தேடி நடந்த மண்ணில், திரும்பி வந்த மிருகங்களே அதைக் காட்டிக்கொடுத்தன என்ற செய்தியைக் கேட்டு உள்ளம் சிலிர்க்காதவர் யார்? பாதைகளில் நிழல் குறைவு. தண்ணீரும் தொப்பியும் அவசியம். உள்ளே உணவகம் உண்டு.

மூன்றாம் நாளுக்கு வழிகள் இரண்டு. அமைதியை நாடுபவர்கள் தெற்கே பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்திலுள்ள பீவர் ஓடைக் காப்பகத்துக்குச் செல்லலாம். உப்பிடாத சூரியகாந்தி விதையை உள்ளங்கையில் வைத்து அசையாமல் நின்றால், சிக்கடி என்ற கருந்தலைச் சிறுகுருவி வந்து விரல்மேல் அமர்ந்து கொத்திச் செல்லும். சரித்திரத்தை நாடுபவர்கள் வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குட்பட்ட வண்டிப் பயணத்தில் பட்டோஷ் சென்று, 1885 மே மாதத்தில் லூயி ரியேலும் கேப்ரியல் டியூமாண்டும் தலைமை தாங்கிய, ஆதிக்குடிகளும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தவரான மேட்டி மக்களின் எழுச்சி நான்கு நாள் போரில் ஒடுக்கப்பட்ட களத்தையும், இன்றும் நிற்கும் மாதா கோயிலையும் பார்க்கலாம். அது கோடைப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும் இடமாகையால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டுக்கும் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இன்றியமையாதது. மாகாண அரசு நடத்திவந்த பேருந்துக் கம்பெனி 2017-இல் மூடப்பட்டபின், ஊர்விட்டு ஊர் செல்லப் பொதுவாகனம் அரிதாகிவிட்டது. கால்கரியிலிருந்து காரில் வருபவர்களுக்கு ஆறு மணி நேரமும், ரெஜைனாவிலிருந்து இரண்டரை மணி நேரமும் ஆகும். டொரண்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே ஓடும் 'கனடியன்' ரயிலில் வர விரும்புவோர், அந்த நிலையம் நகரத்தின் மேற்கு எல்லையில் தனித்து நிற்பதையும், சரக்கு ரயில்களுக்கு வழிவிட்டு நிற்பதால் அந்த வண்டி பல மணி நேரம் தாமதிப்பதுண்டு என்பதையும் உத்தேசித்து, வந்திறங்கும் இரவுக்கு விடுதியறையைப் பின்னிரவு வரையில் காத்துவைக்கச் சொல்லிவிட்டு, டாக்ஸி ஒன்றின் எண்ணையும் கையில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.